எழுபத்திரண்டு அடி வெளியுறவுக் கொள்கை

ரைன்-டெக்சஸ் வெளியுறவுச் சிந்தனை மன்றம் எனக்குத் தர வேண்டியிருந்த பணம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். இதில் வேலிக்கு அவர்கள் பங்கு ஆயிரத்து இருநூற்று அறுபது. மறுவேலை இருபத்து மூன்றரை மணி நேரம், மணிக்கு இருபத்தைந்து வீதம், ஐந்நூற்று எண்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். கூட்டல் எனக்குச் சின்ன வயதிலேயே வரும். எழுத்து நாற்பத்தொன்றாம் வயதில்தான் வந்தது. அதனால் எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பேன். மன்றத்தின் காகிதங்களை நாலு முறை படித்தும் பணம் எப்போது வரும் என்ற வரி மட்டும் அகப்படவில்லை.

மன்றம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி என்ற ஊரில் ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் உள்ள நாலு படுக்கையறை வீடு. ஜெர்மனி ரஷ்யர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று யோசிப்பதற்காக, ஜெர்மனியில் உள்ள பெரிய மனிதர்களிடம் நன்கொடை வாங்கி நடத்துகிறார்கள். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் இருப்பதால் இங்கே யோசனை நன்றாக வருகிறதாம். பன்னிரண்டு வருடமாக யோசிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவரே ஒரு ரஷ்யர்தான். ஆர்கடி என்று பெயர், எண்ணெய்க் கிணற்றில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேசினால் ஆராய்ச்சியின் நடுநிலை கெட்டுவிடும் என்று பயம்.

ஜூலை மாதப் புயலில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த எழுபத்திரண்டு அடி வேலி விழுந்துவிட்டது. இந்தப் பக்கத்து வழக்கப்படி நடுவேலி செலவில் ஆளுக்குப் பாதி. ஆர்கடி தன் பாதியை முதல் நாளே இருபதும் நூறுமாக எண்ணிக் கையில் கொடுத்து, கூடவே உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் ஒரு பாட்டிலும் கொடுத்தார். மன்றத்திலிருந்து ஆபீஸ் மேனேஜர் ஷ்யாமளா வந்தது. மாம்பலத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

"அண்ணா, ஒரு சின்ன இஷ்யூ. டைரக்டர் உங்ககிட்ட பேசணுமாம்."

"பணத்தைப் பத்திங்களா?"

"இல்லண்ணா, பிரின்சிபிளைப் பத்தி."

"அதுக்கு எத்தனை நாள் ஆகுமுங்க?"

"அது டிபெண்ட்ஸ் அண்ணா."

டைரக்டர் டாக்டர் பிராண்டாவ் ஆறடிக்கு மேல் உயரம். அவர் பேசிய இங்கிலீஷை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன். "திரு வெள்ளியங்கிரி அவர்களே, ரஷ்யத் தரப்போடு சேர்ந்து எந்தத் திட்டத்திலும் ஈடுபடுவதில்லை என்பது எங்கள் மாறாத கொள்கை. எனவே இது கூட்டு வேலி அல்ல. ஒரே இடத்தில் தற்செயலாக நிற்கப் போகும் இரண்டு அரை வேலிகள். இதைப் பில்லில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்."

குறிப்பிட்டேன். எனக்கு எழுத்துப் பழக்கம் ஆயிற்று.

அப்போது அவர் காலடியில் ஆரஞ்சு நிறக் கேபிள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கடி வீட்டு ஜெனரேட்டரில் தொடங்கி, விழுந்த வேலியைத் தாண்டி, மன்றத்தின் ஜன்னல் வழியே உள்ளே போயிற்று. புயலில் மன்றத்தின் மீட்டர் பெட்டி உடைந்திருந்தது. அவர்களிடமும் நல்ல ஜெனரேட்டர் ஒன்று முன்பு இருந்ததாம். அது சத்தம் போடுகிறது, மனசாட்சிக்கு ஒவ்வாது என்று தீர்மானம் போட்டு இரண்டு வருடம் முன்பு பெருமையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மீட்டிங் அறையின் ஏசி, ஃப்ரிட்ஜ், காபி மெஷின் மூன்றும் ஆர்கடியின் கரண்டில் ஓடின. ஷ்யாமளாதான் போய்ப் பேசி வாரக் காசுக்கு ஏற்பாடு செய்தது.

"இது சேர்ந்து செய்யறது இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இது முற்றிலும் வணிகம். இதில் அரசியலே இல்லை" என்றார் டைரக்டர். காபி கொடுத்தார். நன்றாக இருந்தது.

இரண்டாவது வாரம் சிமெண்ட் மூட்டை ஏற்றி வரும்போது என் பிக்கப் டிரக்கின் கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் நூர் அகமது பாய் தன் ஷெட்டுக்கு இழுத்துப் போய்ப் பார்த்துவிட்டு ஆயிரத்து எழுநூற்று தொண்ணூறு என்றார். மன்றத்துப் பணம் வந்தால் டிரக் வரும். டிரக் வந்தால்தான் அடுத்த வேலை. அதுவரை மகளின் பழைய சைக்கிளில் சுத்தியலும் கடப்பாரையுமாகப் போய் வந்தேன். கேட்டியில் சைக்கிளில் போகிறவனைக் கண்டால் காரை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்கிறார்கள். கடப்பாரையைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள்.

வேலிக்கு முகம், முதுகு என்று இரண்டு பக்கம் உண்டு. முகத்தில் பலகை வழவழவென்று இருக்கும். முதுகில் குறுக்குச் சட்டம் தெரியும். எந்தப் பக்கம் முகம் வைக்க என்று ஒரு வார்த்தை கேட்டது என் தப்பு. மன்றம் மூன்று நாள் கூடியது. ரஷ்யர் பக்கம் முகம் வைத்தால் அடிபணிவு. முதுகு வைத்தால் ஆத்திரமூட்டல். நாலாம் நாள் ஷ்யாமளா தீர்மானத்தோடு வந்தது. மொத்தம் ஒன்பது தட்டி. ஒன்று விட்டு ஒன்று மாற்றி வைக்க வேண்டும்.

"ஒம்பதை எப்படிங்க சமமா பிரிக்கறது?"

"நடுவுல இருக்கறது மட்டும் ஓப்பன் டு டயலாக்காம் அண்ணா. அதை லாஸ்ட்ல பாத்துக்கலாம்."

எல்லைக்கு நூல் கட்டிக் குழி தோண்டத் தொடங்கினேன். மூன்று குழி தோண்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் நூல் ஒரு அடி நகர்ந்து மன்றத்து மண்ணில் நின்றது. நூலுக்குப் பின்னால் ஆர்கடி தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"காற்று" என்றார்.

முளைக்குச்சியும் சேர்ந்து நகர்ந்திருக்கிறதே என்றேன்.

"பலமான காற்று."

மூலையில் சர்வேக்காரன் அடித்த இரும்புக் கம்பி மண்ணுக்குள் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து டைரக்டருக்குக் காட்டினேன். எல்லை இதுதான், குழந்தைகூடப் படித்துவிடும். அவர் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "கம்பி ஒரு கோணம். நாம் எல்லாக் கோணங்களையும் கேட்க வேண்டும்" என்றார். அன்று மாலையே முளைக்குச்சியில் ஒரு கடிதம் தொங்கியது. மன்றம் கவலை தெரிவித்திருந்தது. நான் புது நூலுக்குப் புதுக் குழி தோண்டினேன். மறுநாள் நூல் இன்னொரு அடி போயிருந்தது. மன்றம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. மூன்றாம் தடவை மிக ஆழ்ந்த கவலை. அந்தக் கடிதத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள், மழையில் நனையாதபடி. கடிதம் தொங்கிய ஒவ்வொரு நாளும் ஆர்கடி மதியம் இரண்டு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தி, "பராமரிப்பு" என்று ஒரு அட்டையை மாட்டினார். ஹூஸ்டன் பக்கத்து ஆகஸ்ட் வெயிலில் இரண்டு மணிக்கு ஏசி நின்றால் மன்றத்துக்குள் கவலை வேகமாகக் குறையும். மூன்று மணிக்கு ஷ்யாமளா வாரக் காசை முன்பணமாகக் கொண்டுபோய்க் கொடுத்து வரும்.

"உன் கடிதமெல்லாம் நல்ல தாள். அடுப்புப் பற்ற வைக்க உதவுகிறது" என்று ஆர்கடி என்னிடம் சொன்னார்.

"என் கடிதம் இல்லீங்க ஐயா. நீங்க நூலை நகத்தறதும், அவிங்க கடுதாசி மாட்டறதும் உங்க பாடு. தோண்டறது நான். வயசு அம்பத்தாறு. நாளைக்கு நூல் நகந்திருந்துச்சுன்னா நான் கடப்பாரையோட கெளம்பிருவேன். ரெண்டு பேரும் வேலியில்லாம மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருங்க." பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். புரிந்திருக்க வேண்டும்.

வேலியில்லாமல் தினமும் டைரக்டர் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை உலுக்கிவிட்டது. காலையில் நூல் சர்வே கம்பிக்குத் திரும்பியிருந்தது. மூன்று அங்குலம் மட்டும் குறைவு. மன்றம் அதைத் தன் கடிதங்களின் வரலாற்று வெற்றி என்று அறிவித்து கேக் வெட்டியது. எனக்கும் ஒரு துண்டு வந்தது. மூன்று அங்குலத்தைப் பற்றிக் கேட்டேன். அது கேக்கில் போகட்டும் என்றார்கள்.

இதற்குள் களிமண் காய்ந்து கல்லாகிவிட்டது. கடப்பாரை அடித்தால் கடப்பாரைதான் வளைகிறது. குழி தோண்டும் மெஷின் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் ஒரு பார்சல் வந்தது. கேமராக்காரர், ஷ்யாமளா, டைரக்டர் மூவரும் பின்னால் வந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஐந்து ஹெல்மெட்.

"நான் ஒருத்தன்தானுங்களே" என்றேன்.

டைரக்டர் கேமராவைப் பார்த்துப் பேசினார். "நாங்கள் திரு வெள்ளியங்கிரியின் பக்கம் எந்தத் தயக்கமும் இல்லாமல் நிற்கிறோம். இது ஒரு யுகத் திருப்பம். மெஷினைப் பொறுத்தவரை, அது தோண்டும் கருவி மட்டும்தானா, அல்லது தோண்டியே தீர வேண்டும் என்ற நிலையை உருவாக்கும் கருவியா என்று பரிசீலிக்கிறோம். அவசரப்பட்டு முதல் ஆளாகக் கொடுத்தோம் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம்."

"வேற யாரு கொடுக்கப் போறாங்க?"

"அதைத்தான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறோம்."

மேலும் எட்டு நாள் கழித்து மெஷின் வந்தது. உடன் ஒரு நிபந்தனை. மன்றம் கொடுத்த மெஷின் ரஷ்ய மண்ணைத் தொடக் கூடாது. நடுவேலிக் குழி நூலுக்கு நேர் கீழே வருவது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அதனால் ஒவ்வொரு குழியிலும் இந்தப் பாதியை மெஷினாலும் அந்தப் பாதியைக் கையாலும் தோண்ட வேண்டும். உலகத்தில் எந்த மெஷினும் அரைவட்டத்தில் சுற்றாது என்று ஷ்யாமளாவிடம் சொன்னேன்.

"எனக்கும் தெரியும்ணா. நான் மீட்டிங்ல சொன்னேன். 'டெக்னிகல் டீடெய்ல்'னு மினிட்ஸ்ல போட்டுட்டாங்க."

அரைவட்டத்தில் சுற்ற வைக்க மெஷினைச் சாய்த்துப் பிடித்தேன். சாய்த்துப் பிடித்த மெஷின் முதல் குழியிலேயே கையை விட்டு ஓடி, தோண்டிய மண்ணுக்கு அடியில் கிடந்த ஆரஞ்சுக் கேபிளைக் கவ்வி, இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்துவிட்டது. படக் என்று ஒரு பொறி. மன்றத்துக்குள் ஏசி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். மெஷின் என் கையில். அதன் திருகில் ஆரஞ்சுக் கேபிள் தலைப்பாகை மாதிரிச் சுற்றியிருந்தது.

"சார், வந்துங்க..." என்று ஆரம்பித்தேன்.

டைரக்டர் கையை உயர்த்தினார். "யாரும் பேச வேண்டாம். இது திட்டமிட்ட நாசவேலை. இவ்வளவு துல்லியமாக அறுக்க ஒரு பெரிய சக்தியால்தான் முடியும்."

"இல்லீங்க, இந்த மெஷின்..."

"மெஷினை ஓரமாக வையுங்கள். தடயங்களை மிதிக்காதீர்கள்."

ஓரமாக வைத்தேன். கேபிளோடுதான் வைத்தேன்.

ஆர்கடி தன் பக்கம் நின்று மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு தாங்காமல் தக்காளிப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லாதே. இரண்டு வருடத்துக்கு அவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறாய்" என்றார்.

விசாரணைக் குழு அமைந்தது. இரண்டு பேராசிரியர்கள் விமானத்தில் வந்து அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். அன்று மாலை முதல் மன்றம் இடப்பக்க வீட்டுக்காரரிடம் நாலு மடங்கு விலைக்குக் கரண்ட் வாங்கியது. ரஷ்யக் கரண்டிலிருந்து விடுதலை என்று பத்திரிகைச் செய்தியும் கொடுத்தார்கள். இடப்பக்க வீட்டுக்காரர் அதை ஆர்கடியிடமிருந்து கொல்லைப்புறமாக வாங்கி விற்றார். ஆர்கடி அவருக்கு இரண்டு மடங்கு விலை வைத்தார். நான் மிச்சக் குழிகளைக் கையால் தோண்டி, பத்துக் கால் நட்டு, ஒன்பது தட்டியையும் ஏற்றி வேலியை முடித்தேன். நடுத்தட்டியின் முகத்தை நானே முடிவு செய்து வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பில் கொடுக்கப் போனால் ஷ்யாமளாவின் முகம் வாடியிருந்தது.

"அண்ணா, பேமெண்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு. அந்த சைட்டே இப்ப க்ரைம் சீன். இன்வெஸ்டிகேஷன் முடியற வரைக்கும் ஒரு பைசா வெளிய போகக் கூடாதுன்னு ஆர்டர்."

"எப்பம்மா முடியும்?"

"யார் அறுத்தாங்கன்னு தெரிஞ்சப்புறம்."

"நான்தானுங்க அறுத்தேன்."

ஷ்யாமளா கதவைச் சாத்தியது. "எனக்குத் தெரியாதாண்ணா? அன்னிக்கு மெஷின்ல சுத்திக்கிட்டு இருந்தத நானும் பாத்தேனே. மூணு தடவை சொல்லிட்டேன். வாயால சொன்னா இங்க யாருக்கும் காதுல விழாது. டாக்குமெண்ட் இருந்தாத்தான்."

அன்று சாயங்காலம் நூர் பாய் ஷெட்டுக்குப் போனேன். அவர் காசுக்கு நெருக்குகிற ஆள் இல்லை, ஆனால் ஷெட்டில் இடம் இல்லை.

"வெள்ளியங்கிரி, மாசக் கடைசி வரைக்கும் வச்சிருப்பேன். அப்புறம் வண்டிய வெளிய நிறுத்தினா சிட்டிக்காரன் இழுத்துட்டுப் போயிடுவான். உங்க ஜெர்மன்காரங்க காசு குடுக்க மாட்டாங்களா?"

"யோசிக்கறாங்க பாய்."

"யோசிக்கறதுக்கு காசு வாங்கறாங்கல்ல? அதுல குடுக்கச் சொல்லு."

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். என் மனைவி சாந்தி கூட்டுக்குத் தாளித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் அறுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா எவன் பணம் குடுப்பான்?"

"கேபிள் முப்பத்தெட்டு டாலர். அதைப் புடிச்சுட்டு மிச்சத்தைக் குடுங்கன்னு எழுதியிருக்கறேன்."

"இந்த நாயத்தைக் கட்டீட்டு சைக்கிள்லயே போங்க சாமி."

கடிதம் ஏழு வரி. நான்தான் அறுத்தேன். வேண்டுமென்று இல்லை. நீங்கள் கொடுத்த மெஷின், நீங்கள் சொன்னபடி பாதிக் குழி தோண்டும்போது ஓடிவிட்டது. தேதி, நேரம், கையெழுத்து. மெஷினின் வாடகைச் சீட்டு நகலையும் குத்தி வைத்தேன்.

கொண்டுபோன நாளில் மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். ஜெர்மனியிலிருந்து நன்கொடைக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். திரையில் அறுந்த கேபிளின் படம், யானைத் தும்பிக்கை அளவுக்குப் பெரிதாக. டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார்: "அறுத்தது யார் என்பது பற்றி எங்களிடம் மூன்று கோட்பாடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிதி தேவை."

நன்கொடைக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் வாசலில் நின்று கடிதத்தை ஷ்யாமளாவிடம் கொடுத்தேன். ஷ்யாமளா அதைத் தட்டில் வைத்துக் காபியோடு கொண்டுபோய் டைரக்டரிடம் கொடுத்தது. அவர் படித்தார். மூன்று முறை படித்தார். என்னைப் போலவே இவரும் படிக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. ஐந்து நிமிட இடைவேளை அறிவித்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"இதை வேறு யார் பார்த்தார்கள்?"

"சாந்தி பாத்தாளுங்க. கூட்டு தீஞ்சிடுமோன்னு முழுசாப் படிக்கலை."

"திரு வெள்ளியங்கிரி, உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் யோசியுங்கள். தெரியாத எதிரி என்றால் மூன்று வருட நிதி. தெரிந்த மெஷின் என்றால், அதுவும் நாங்களே வாடகைக்கு எடுத்த மெஷின் என்றால், எங்களுக்கு என்ன மிஞ்சும்? இந்த விஷயத்தில் உண்மை ஒரு தரப்பு மட்டுமே. நாங்கள் உண்மையோடும் சமதூரத்தில் இருக்க விரும்புகிறோம்."

"சரிங்க. கேபிள் காசு முப்பத்தெட்டைக் கழிச்சுட்டு..."

"கழிக்கவே கூடாது!" அவர் குரல் உடைந்தது. "கழித்தால் கணக்கில் காரணம் எழுத வேண்டும்."

"இல்லீங்க, அது நாயம் இல்லை."

"முழுத் தொகை. இப்போதே. கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

கொடுக்கல் வாங்கலில் அவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. எனக்கும் அவர் மேல் இல்லை. சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் அவர் செக்கோடு நின்றார். இந்தப் பக்கம் வாடகைச் சீட்டு குத்திய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவர் படித்துவிட்டு அதை என் கையிலேயே திணித்திருந்தார், ஆனால் நான் அதோடு கூட்டத்துக்குள் போய்விடுவேனோ என்று ஒரு முனையை விடவில்லை. ஷ்யாமளா நடுவில், காபி மெஷின் பக்கத்தில், யார் பக்கமும் சாயாமல் நின்று எண்ணியது.

"ஒன்... டூ... த்ரீ!"

அவர் கடிதத்தை விட்டார். நான் செக்கைப் பிடித்தேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். எண்ணிலும் எழுத்திலும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் குறையவில்லை. டைரக்டர் டையைச் சரிசெய்துகொண்டு அறைக்குத் திரும்பினார். "நண்பர்களே, நான்காவது கோட்பாடு ஒன்றும் உருவாகியிருக்கிறது" என்று அவர் சொல்வது கேட்டது. கைதட்டினார்கள்.

மறுநாள் பத்து மணிக்குச் செக் பாஸாயிற்று. பதினொன்றரைக்கு நூர் பாய் சாவியை நீட்டினார். ஷெட் வாசலிலேயே டிரக்கின் பானெட்டில் என் நோட்டை விரித்து, மன்றத்தின் பெயருக்கு எதிரே, ஒவ்வொரு எழுத்தாகப் 'பைசல்' என்று எழுதிக் கோடு போட்டேன்.